பட்டணத்தில் ஒரு பலகார யாத்திரை

யாத்திரை என்றால் காசிக்கும் ராமேசுவரத்துக்கும்தான் போக வேண்டும் என்று யார் சொன்னார்கள்? நம் சென்னைப் பட்டணத்திலேயே, தங்கசாலைத் தெருவில் தொடங்கிக் கடற்கரை ரயில் நிலையத்தருகே முடிகிற யாத்திரை ஒன்று இருக்கிறது. வழியில் கோயில்கள் உண்டு. தீர்த்தத்துக்குப் பதிலாகப் பாதாம் பால். பிரசாதத்துக்குப் பதிலாகக் கசோரி, ஜிலேபி, நெய் இட்லி. நாலு மணி நேரம் நடக்க வேண்டும். நடந்து நடந்து சாப்பிட வேண்டும். "இதைச் சாப்பிடுங்கள், அதைத் தொடாதீர்கள்" என்று சொல்ல வழிகாட்டி ஒருவரும் கூடவே வருவார்.

ஆமாம், வாசகர்களே! ஊரிலுள்ளவர்களுக்கே ஊரைச் சுற்றிக் காட்டுவது இப்போது ஒரு தொழிலாகிவிட்டது. பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. காசை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். "பாரிமுனைக்குப் போய் பஜ்ஜி தின்ன வழிகாட்டி வேறா?" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் சிரித்தேன். ஆனால் எங்கள் ஆசிரியர் சிரிக்கவில்லை. "போய் வாருங்கள்; வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பக்கம் நிறைய எழுதுங்கள்" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

துணைக்கு யாரை அழைப்பது? என் கணவர் அலுவல் காரியமாகக் கோயமுத்தூர் போயிருந்தார். "விளக்கு வைத்த நேரத்திலே தனியாப் போகவேண்டாம், நான் வரேன்" என்று முன்வந்தவர் யார் தெரியுமோ? என் மாமியார்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுபது வயதாகிறது அவருக்கு. இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த நாள் முதல், தெருவில் நின்று ஒரு சுண்டல் பொட்டலம்கூட அவர் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. பிறர் சாப்பிட்டாலும் அவருக்குப் பிடிக்காது. "தெருவிலே நின்னு சாப்பிடறது ஒரு வழக்கமா?" என்பார். கடற்கரைக்குப் போனால் காற்றைத் தவிர வேறொன்றும் உட்கொள்ளாமல் திரும்பி வருகிற குடும்பம் எங்களுடையது!

"அத்தை, அங்கே எல்லாம் தெருவிலே நின்றுதான் சாப்பிடணும்" என்று எச்சரித்தேன்.

"சாப்பிடறவங்க சாப்பிடுங்க. நான் வேடிக்கை பார்க்க வரேன்" என்றார். வெந்நீர்ச் சீசா, ஓமப் பொட்டலம், இஞ்சி மரப்பா மூன்றையும் பையில் எடுத்துக்கொண்டார். யாத்திரையில் யாருக்காவது அஜீர்ணம் உண்டானால் வைத்தியமும் தயார்!

சௌகார்கள் பேட்டை

தை மாதத்துச் சனிக்கிழமை. மாலை நாலு மணிக்குத் தங்கசாலை ஏகாம்பரேசுவரர் கோயில் வாசலில் கூடினோம். எங்களையும் சேர்த்து எட்டுப் பேர். பெங்களூரிலிருந்து வந்த புதுமணத் தம்பதிகள், கல்லூரி மாணவிகள் இருவர், சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருந்த ஓய்வு பெற்ற பாங்கி அதிகாரி, அவர் கையை எட்டிப் பிடிக்கவென்றே வந்திருந்த அவருடைய மனைவி. வழிகாட்டியோ இருபத்தைந்து வயதுப் பெண். சரித்திரம் படித்தவள். குரல் வெண்கல மணி.

"தங்கசாலை என்று ஏன் பெயர் வந்தது தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். 19-ஆம் நூற்றாண்டில் கும்பினியாரின் நாணயச் சாலை இந்தத் தெருவில்தான் இருந்தது. பிற்பாடு அந்த இடத்துக்குச் சர்க்கார் அச்சகம் வந்தது. காசு அடிப்பது போய்க் காகிதம் அடிப்பது வந்தது. பெயர் மட்டும் தங்கமாகவே நின்றுவிட்டது.

மேற்கே சற்றுத் தள்ளி வால்டாக்ஸ் ரோடு. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் முற்றுகையும் ஹைதர் அலியின் குதிரைப்படையும் கொடுத்த பயத்தில், ஆங்கிலேயர் பட்டணத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். செலவைக் குடிமக்கள் தலையில் கட்ட வரி யோசித்தார்கள். மதில் இடிந்து மறைந்துவிட்டது. வரியின் பெயர் மட்டும் சாலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதிலுக்கு இருந்த வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி.

சௌகார் என்றால் பெரிய வியாபாரி, லேவாதேவிக்காரர். அவர்கள் வந்து குடியேறிய பேட்டை, சௌகார்பேட்டை. ராஜஸ்தானத்து மார்வாடிகள், குஜராத்திகள், தெலுங்கு தேசத்துக் கோமுட்டிச் செட்டிமார், தமிழர் எல்லோரும் ஒரே சந்தில் கடை வைத்திருக்கிறார்கள். ஒரு கடையில் "ஆயியே!" என்கிறார்கள், அடுத்த கடையில் "ரண்டம்மா!" என்கிறார்கள், மூன்றாவது கடையில் "வாங்கக்கா, உள்ளே வந்து பாருங்க!" என்கிறார்கள். பெண்களுக்குப் புடைவைக் கடையைத் தாண்டி நடப்பது எவ்வளவு சிரமம் என்பதை நான் சொல்லவேண்டுமா? எங்கள் வழிகாட்டிக்கு அது தெரிந்திருந்தது. "கடைகளைப் பார்க்க இன்னொரு நாள் வாருங்கள். இன்று வயிற்றுக்கு மட்டும்தான்!" என்று முன்னாலேயே கையெழுத்து வாங்காத குறையாகச் சொல்லிவிட்டாள்.

முதல் நிறுத்தம் கசோரிக் கடை. நெய் பிசிறிய மாவுக்குள் பயத்தம்பருப்புப் பூரணம் வைத்து, பூரியைப் போலத் தட்டிப் பொரித்தெடுக்கிறார்கள். நம் வீட்டுப் பூரி கண் மூடித் திறப்பதற்குள் வெந்துவிடுகிறது. கசோரியோ எண்ணெயில் சாவகாசமாகப் புரண்டுகொண்டிருக்கிறது. காரணம், அடுப்புத் தணிந்து எரிய வேண்டும். தீயைக் கூட்டினால் மேலே சிவந்து உள்ளே மாவாக இருக்கும். வீட்டில் கசோரி செய்து, "ஏன் மொறுமொறுவென்று வரவில்லை?" என்று வருத்தப்படும் சகோதரிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கசோரியைப் பிட்டு, புளிச் சட்னியும் பச்சைச் சட்னியும் ஊற்றிக் கொடுத்தார்கள். வாயில் போட்டேன். பெருங்காயமும் சோம்பும் தூக்கின. மழை குறைந்த ராஜஸ்தானத்தில் காய்கறி அருமை. ஆகையால் பருப்பு, கடலைமாவு, காய்ந்த மாங்காய்ப் பொடி, பெருங்காயம் என்று கெடாத சாமான்களை வைத்தே அங்கே சமையலை வளர்த்தார்கள். அந்தப் பாலைவனத்துக் கைப்பக்குவம் இந்தச் சந்துக்கு வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன.

"எப்படி அத்தை இருக்கும் போலத் தோன்றுகிறது?" என்று ஆசை காட்டினேன்.

அவர் எண்ணெய்ச் சட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "எண்ணெய் புதுசு. கரண்டி பிடிக்கிற கை பழசு. நல்லாத்தான் இருக்கும்" என்றார். ஆனால் கையை நீட்டவில்லை.

எனக்கு ஆச்சரியம். தெருச் சாப்பாட்டை ஏறெடுத்தும் பாராதவருக்கு எண்ணெய் பார்க்க எப்படித் தெரிந்தது?

பொழுது சாய்வதற்குள்

ஐந்தரை மணி ஆயிற்று. கடைகளில் கூட்டம் திடீரென்று நெருக்கித் தள்ளியது. இந்தப் பகுதியில் ஜைனர்கள் ஏராளம். சூரியன் அஸ்தமித்த பிறகு சாப்பிடக்கூடாது என்பது அவர்களில் நியமம் தவறாதவர்களின் விரதம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி விளக்கு வெளிச்சத்தில் உணவில் விழுந்து உயிர் விடக்கூடாதே என்ற ஜீவகாருண்யம். மண்ணுக்கடியில் விளைவதையும் விலக்குவார்கள். பிடுங்கினால் செடியே சாகும், மண்ணில் இருக்கும் சிற்றுயிர்களும் சாகும் என்பதால். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எல்லாம் தள்ளுபடி. அப்படியானால் பாவ் பாஜி? உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காயை மசித்துப் போட்டுவிடுகிறார்கள்! நான் சாப்பிட்டேன். சொல்லாவிட்டால் தெரியாது.

இங்கேதான் முறுக்கு ஸாண்ட்விச் என்கிற அதிசயத்தையும் கண்டேன். ரொட்டிக்குப் பதில் உள்ளங்கையளவு முறுக்கு. ஒன்றின்மேல் பச்சைச் சட்னியைத் தடவி, தக்காளி, வெள்ளரிக்காய் வில்லைகளை வைத்து, மேலே இன்னொரு முறுக்கை மூடித் தருகிறார்கள். வடநாட்டுச் சட்னிக்கும் தென்னாட்டு முறுக்குக்கும் நடந்த கலப்புக் கல்யாணம்! மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் தகராறே இல்லை. ஆனால் உடனே தின்றுவிட வேண்டும். பேசிக்கொண்டு நின்றால் முறுக்கு ஊறிப்போகும்.

தங்கசாலைத் தெருவில் காக்கடா ராம்பிரசாத் கடையின் பாதாம் பாலும் ஜிலேபியும் பெயர் போனவை. அகன்ற சட்டியில் பால் சுண்டச் சுண்ட ஏடு படர்கிறது. பாங்கி அதிகாரி ஒரு ஜிலேபியை எடுத்தார். மனைவி அவர் கையைப் பிடித்தார். கடைசியில் பாதி ஜிலேபிக்கு ராஜி ஆயிற்று. மற்றப் பாதி மனைவியின் வாய்க்குப் போயிற்று. இல்லறம் என்பது இதுதானே?

பாதாம் பாலை என் மாமியார் மறுக்கவில்லை. "பால்தானே" என்று வாங்கிக்கொண்டார். திண்ணையில் உட்கார்ந்து குடித்தார். எங்கள் வழிகாட்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, களைப்பா இருக்கா? இன்னும் ரெண்டே இடம். நெய் இட்லி, அப்புறம் கடைசியாகப் பீச்சிலே பர்மா அத்தோ. அதோடு முடிஞ்சுது" என்றாள்.

"அங்கேயும் போறீங்களா?" என்றார் மாமியார்.

"அதுதான் பாட்டி முக்கியமே!"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பையின் வாயை இறுக்கிக் கட்டினார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. களைத்துவிட்டார் என்று நினைத்தேன். "ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடலாமா அத்தை?" என்று கேட்டதற்கு, "வேண்டாம். வந்தது வந்தாச்சு" என்று மட்டும் சொன்னார்.

போஸ் சாலையில்

தங்கசாலைத் தெருவிலிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலைக்குத் திரும்பிக் கிழக்கே நடந்தோம். பெரியவர்கள் இதைச் சைனா பஜார் ரோடு என்பார்கள். இந்தச் சாலையில் சீனா பாய் டிபன் கடையில் மாலை வேளையில் நெய் இட்லியும் ஊத்தப்பமும் போடுகிறார்கள். நெய் என்றால் பேருக்குத் தெளித்த நெய்யல்ல. இட்லிமேல் மிளகாய்ப்பொடியைத் தூவி, நெய்யை அபிஷேகமே செய்துவிடுகிறார்கள். இட்லி நெய்யில் மிதக்கிறதா, நெய் இட்லியில் ஊறுகிறதா என்று ஆராய்ச்சி செய்யக் கூடாது. சாப்பிட்டுவிட்டு மறு நாள் பட்டினி இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்தச் சாலையின் இரு பக்கத்துச் சந்துகளும் ஒவ்வொரு சாமானுக்குப் பெயர் போனவை. கோடவுன் தெருவில் ஜவுளி; ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை; பத்ரியன் தெருவில் பூ. கொத்தவால் சாவடியை மறக்க முடியுமா? பட்டணம் முழுவதற்கும் காய்கறி அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. 1996-ல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியது.

பூக்கடை அருகே சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீசுவரரும் அடுத்தடுத்துக் கோயில் கொண்டிருக்கிறார்கள். பட்டணம் கோயில் என்று இதற்குப் பெயர். முதலில் இந்தக் கோயில் இருந்த இடம் எது தெரியுமா? இன்று ஹைகோர்ட்டு நிற்கிற இடம்! கோட்டையை ஒட்டி அந்தக் காலத்தில் ஒரு பழைய ஊரே இருந்தது. அதைக் கறுப்பர் பட்டணம் என்று வெள்ளைக்காரர்கள் சொன்னார்கள். 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது ஒரு பகுதியை இடித்தார்கள். 1749-ல் ஊர் திரும்பக் கிடைத்தபின் ஆங்கிலேயர் எஞ்சியதையும் இடித்தார்கள். எதிரி மறைந்து நிற்க இடம் இருக்கக்கூடாது, கோட்டையிலிருந்து பீரங்கி சுடத் திறந்தவெளி வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. குடியிருந்தவர்கள் வடக்கே பெயர்ந்துபோய் இந்தப் புது ஊரைக் கட்டிக்கொண்டார்கள். சுவாமிக்கும் புதுக் கோயில் கட்டினார்கள்.

பாரிமுனையில் இதற்குச் சாட்சி இருக்கிறது. "இந்தக் கோட்டுக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது" என்று 1773-ல் பதின்மூன்று எல்லைக் கற்கள் நட்டார்கள். அவற்றில் எஞ்சியது ஒன்றே ஒன்று. பாரி கம்பெனியின் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில், நெரிசலுக்கு நடுவே நிற்கிறது. ஆயிரம் தடவை அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன். அன்றுதான் பார்த்தேன்!

எதிரே ஹைகோர்ட்டு. 1892-ல் திறக்கப்பட்டது. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு ஜெர்மானிய எம்டன் கப்பல் இந்தப் பட்டணத்தின்மேல் குண்டு போட்டதே, அதன் ஞாபகக் கல் ஹைகோர்ட்டு மதிலில் இருக்கிறது. "வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள் சேர்ந்து கட்டிய ஊர் இது" என்று வழிகாட்டி சொல்லி முடித்தாள்.

"அது எப்பவும் அப்படித்தான்" என்று மெதுவாகச் சொன்னார் என் மாமியார்.

அதோ, அத்தோ!

ராஜாஜி சாலையில் பர்மா பஜார். அதற்குப் பின்னால் இரண்டாவது கடற்கரைச் சாலை. இருட்டிவிட்டது. வரிசையாகத் தள்ளுவண்டிகள். வண்டிக்கு வண்டி ஒரு பெரிய அண்டா, அதன் பக்கத்தில் மலைபோல் மஞ்சள் நூடுல்ஸ்.

அத்தோ என்றால் சுட்டிக் காட்டுகிற "அதோ" அல்ல. கையால் கலந்து பிசைந்தது என்று பொருள்படும் பர்மியச் சொல் நம் நாக்கில் இப்படி உருமாறிவிட்டது. நூடுல்ஸ், பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், புளிக்கரைசல், வறுத்த மிளகாய்த்தூள், பொட்டுக்கடலை மாவு, பூண்டு பொரித்த எண்ணெய். எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டுக் கையால் பிசைகிறார்கள். மேலே பேஜோ என்கிற மொறுமொறுத் தட்டையை நொறுக்கிப் போடுகிறார்கள். தொட்டுக்கொள்ள மொய்ங்கா என்ற சூப். பர்மாவில் அதில் மீன் போடுவார்கள்; இங்கே வண்டிகளில் வாழைத்தண்டுச் சூப்பாகவே கிடைக்கிறது.

பர்மாப் பலகாரம் சென்னைக் கடற்கரைக்கு எப்படி வந்தது? ரங்கூனிலும் மற்ற ஊர்களிலும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தார்கள். செட்டிமார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். மற்றவர்கள் நெல் ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்தார்கள். கடை கண்ணி வைத்தார்கள். 1962-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-ல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. லட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினார்கள். கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியேற்றினார்கள். அவர்களுக்காக 1969-ல் பர்மா பஜார் ஏற்பட்டது. கையிலே காசில்லாதவர்களுக்குக் கைப்பக்குவம் இருந்ததே! அதுதான் இந்த வண்டிகளில் இன்னும் மணக்கிறது.

எங்கள் வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் பிசைந்துகொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும், பர்மாவைப் பார்த்தேயிராத மூன்றாம் தலைமுறை. எல்லோரும் கைப்பேசியில் படம் எடுத்தார்கள்.

"தம்பி, பேஜோவை இப்பப் போடாதே. பிசைஞ்சு முடிச்சு, குடுக்கிறப்போ நொறுக்கிப் போடு. நமத்துப் போகுது பார். பூண்டெண்ணெயும் போதாது."

திரும்பிப் பார்த்தேன். சொன்னவர் என் மாமியார்.

கடைக்காரர் நிமிர்ந்தார். ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தார். "அம்மா நம்ம ஊரா?" என்று கேட்டார்.

"ரங்கூன்" என்றார் அவர்.

கடைக்காரர் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி, கை கழுவத் தண்ணீர் ஊற்றினார். என் மாமியார் புடைவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பிசைந்தார். அளவு பார்க்கவில்லை, யோசிக்கவில்லை. புளித்தண்ணீர் ஒரு கை, மாவு ஒரு சிட்டிகை, எண்ணெய் இரண்டு கரண்டி. கடைசியில் பேஜோவை நொறுக்கித் தூவி என் கையில் கொடுத்தார். "சாப்பிடு. நின்னுக்கிட்டே சாப்பிடு. இது நின்னு சாப்பிடறதுதான்."

சாப்பிட்டேன். புளிப்பும் காரமும் பூண்டு மணமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. அன்று தின்றவற்றுள் அதுதான் முதல் தரம். மருமகள் என்பதற்காகச் சொல்லவில்லை.

மற்றவர்கள் சாப்பிடும்போது எங்கள் இருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் முக்காலி கிடைத்தது. அவர் உட்கார்ந்தார், நான் நின்றேன். அவர் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன்.

"எனக்கு ஒன்பது வயசு. அப்பாவுக்கு ரங்கூனிலே ஜவுளிக்கடை. கடையை எடுத்துக்கிட்டாங்க. நகை கொண்டுபோக விடலை. அம்மா கழுத்திலே மஞ்சள் கயிறும் ஒரு துண்டு மஞ்சளுமா கப்பலைவிட்டு இறங்கினாங்க. அப்பா அதோட ஒடிஞ்சு போயிட்டார். யாரோடேயும் பேச மாட்டார். அம்மாதான் வியாசர்பாடியிலேயிருந்து கிளம்பி வந்து, இந்தத் தெருவிலே ஒரு பெட்டிமேலே கிண்ணத்தை வெச்சுக்கிட்டு நின்னாங்க. நான் கோஸ் அரிஞ்சு குடுப்பேன்.

"1975-லே எனக்குக் கல்யாணம். 'பொண்ணோட அப்பா ரங்கூன் ஜவுளி வியாபாரி'ன்னு சொன்னாங்க. பொய் இல்லே. ஆனா அம்மா பீச்சிலே நிக்கறதை யாரும் சொல்லலே. 'நீயும் சொல்லாதே. இந்தப் பக்கம் வராதே'ன்னு அம்மாவே சொல்லிட்டாங்க.

"ஒரு நாள் என் மாமியாரும் நாத்தனாரும் நானும் கோடவுன் தெருவிலே துணி எடுத்துட்டு இந்த வழியா ஸ்டேஷனுக்கு வந்தோம். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்திலே அம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. என்னைப் பார்த்துட்டாங்க. நான் என்ன செய்யறதுன்னு தெரியாம நின்னேன். அம்மாதான் முதல்லே முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. தட்டைத் துடைக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டாங்க. நான் நடந்து வந்துட்டேன்."

கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்புறம் அம்மா பல வருஷம் இருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசினதே இல்லே. அந்த நாள்லேயிருந்து தெருவிலே நின்னு எதையும் சாப்பிட எனக்கு மனசு வரலே. நீ என்னவோ எனக்கு ஆசாரம்னு நினைச்சுக்கிட்டிருக்கே!"

வழிகாட்டிப் பெண் எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். என் மாமியார் அதைப் பார்த்தார்.

"காசு கட்டி, நாலு மணி நேரம் நடந்து, இதைப் பார்க்க வந்திருக்கீங்க. என் அம்மாவுக்குத் தெரிஞ்சா நம்ப மாட்டாங்க" என்றார். சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"இதை நான் எழுதட்டுமா அத்தை?" என்று கேட்டேன்.

யோசித்தார். "என் பேரைப் போடாதே. அம்மா செஞ்ச தொழிலைப் போடு" என்றார்.

போகிறவர்களுக்கு

வாசகர்களே, நீங்களும் போய் வாருங்கள். வழிகாட்டியோடு போனாலும் சரி, வீட்டிலுள்ளவர்களோடு போனாலும் சரி. மத்தியானச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டை இரண்டு பேராகப் பங்கிட்டுக்கொண்டால்தான் கடைசி வரை போய்ச் சேர முடியும். பழைய செருப்பு, பருத்திப் புடைவை, குடிதண்ணீர் அவசியம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பல கடைகள் மூடியிருக்கும். உயர் நீதிமன்றம், மண்ணடி இரண்டு மெட்ரோ நிலையங்களும் பக்கத்திலேயே இருப்பதால் வீடு திரும்பக் கவலையில்லை. முடிந்தால் வயதானவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வழிகாட்டிக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

புறப்படும்போது என் மாமியார் ஒரு பார்சல் கட்டச் சொன்னார். நூடுல்ஸ் தனி, கோஸ் தனி, எண்ணெய் தனி, பேஜோ தனி. "கலக்காதே தம்பி. நான் பிசைஞ்சுக்கறேன்" என்றார். கடைக்காரர் காசு வேண்டாம் என்றார். அவர் விடவில்லை. "தொழில் செய்யற இடத்திலே காசு வாங்காம இருக்கக் கூடாது" என்று அவர் கையில் வைத்துவிட்டு வந்தார்.

மறு நாள் காலையில் என் கணவர் கோயமுத்தூரிலிருந்து வந்து இறங்கினார். குளித்துவிட்டு வந்ததும் தட்டில் அத்தோ! இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "அடடா, பிரமாதமாக இருக்கிறதே! எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சாமான் வாங்கினது பீச்சிலே. பிசைஞ்சது நான். எனக்குச் சொல்லிக்குடுத்தது உன் பாட்டி. நீ நிதானமாச் சாப்பிடு, சொல்றேன்" என்றார்.